இன்ஜின் வேலை முடிந்தும் கிளம்பாத யெஸ்டி

இன்ஜினை முழுக்கப் பிரித்துக் கோர்த்த பிறகு டூ-ஸ்ட்ரோக் வண்டி கிளம்பவில்லை என்றால், ஆளாளுக்கு ஒரு பாகத்தை மாற்றச் சொல்வார்கள். காயிலை மாற்று, கண்டென்சரை மாற்று, கார்புரேட்டரையே தூக்கிப் போடு என்பார்கள். பர்ஸைத் திறப்பதற்கு முன்னால் கிராங்க் கேஸில், அதாவது பிஸ்டனுக்குக் கீழே கிராங்க் சுற்றும் அறையில், காற்று ஒழுகாமல் நிற்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

வண்டி யெஸ்டி 250 பைக், 1984 மாடல். பெங்களூரு எச்.ஏ.எல்.-இல் வேலை பார்த்த என் மாமா புதிதாக வாங்கி ஓட்டியது. பல வருஷம் அல்சூர் வீட்டில் சும்மா நின்றது. யெஸ்டியைத் தயாரித்த மைசூரு ஐடியல் ஜாவா ஆலை 1996-இலேயே மூடிவிட்டதால் ஜே.சி. ரோடு, சிவாஜிநகர் என்று அலைந்துதான் சாமான் சேர்க்க வேண்டும். சிலிண்டர் போரிங், பிஸ்டன், ரிங், கனெக்டிங் ராடு, பேரிங், ஆயில் சீல் (சுழலும் ஷாஃப்டைச் சுற்றி ஒழுகாமல் பிடிக்கும் ரப்பர் வளையம்), பேக்கிங் என்று உள்ளே எல்லாமே புதுசு. ஜாவா, யெஸ்டி வைத்திருப்பவர்கள் வண்டியோடு கூடும் ஜாவா தினத்துக்கு, ஜூலை இரண்டாம் ஞாயிறு, மாமாவைப் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப்போக வேண்டும் என்று எனக்கு ஆசை.

கிக் அடித்தால் கம்ப்ரஷன் காலைத் தூக்கிப் போடும் அளவுக்கு இருந்தது. பிளக்கைக் கழற்றி ஹெட்டில் வைத்துப் பார்த்தால் நல்ல நீல நிறத்தில் பொறி. பொறிக்கான மின்சாரத்தை விட்டு விட்டுத் துண்டிக்கும் பிளாட்டினம் பாயிண்டின் இடைவெளி 0.4 மி.மீ., சரியாக இருந்தது. 6 வோல்ட் பேட்டரியும் முழுச் சார்ஜில். கார்புரேட்டருக்குப் பெட்ரோல் தடையில்லாமல் வருகிறது, ஜெட்டில் அடைப்பு இல்லை. ஆனாலும் வண்டி கிளம்பவில்லை.

“மாப்ளே, பிளக்கு நனைஞ்சிருக்கா பாரு” என்றார் மாமா. உருப்படியான முதல் துப்பு அதுதான். அத்தனை கிக் அடித்தும் பிளக் காய்ந்து கிடந்தது. பிளக் ஓட்டை வழியாகச் சில சொட்டுப் பெட்ரோல் விட்டு, பிளக்கை மாட்டி உதைத்ததும் இன்ஜின் ‘தபதப’ என்று சில நொடி ஓடி நின்றது. இதை வைத்தே பாதியைக் கழித்துவிடலாம். பெட்ரோலை நாமே ஊற்றினால் எரிகிறது என்றால் பொறியும் டைமிங்கும் வேலை செய்கின்றன. கார்புரேட்டரில் இருக்கும் பெட்ரோல்தான் மேலே ஏறவில்லை.

டூ-ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் கலவை நேராக சிலிண்டருக்குள் போவதில்லை. பிஸ்டன் மேலே போகும்போது கிராங்க் கேஸுக்குள் வெற்றிடம் உண்டாகி கார்புரேட்டரிலிருந்து கலவையை உறிஞ்சும்; கீழே வரும்போது அதை அழுத்தி, டிரான்ஸ்ஃபர் போர்ட் வழியாக மேலே தள்ளும். கீழே எங்காவது வெளிக்காற்று புகுந்தால் உறிஞ்சும் வேகம் போய்விடும். மேலே கம்ப்ரஷன் எவ்வளவு இருந்தும் பயனில்லை. சிவாஜிநகரில் பழைய ஜாவா, யெஸ்டி வேலை மட்டுமே பார்க்கும் ஒரு மெக்கானிக் அண்ணன் விஷயத்தைக் கேட்டதும், “தம்பி, கீழ மூச்சு ஒழுகுது. சோப்புத் தண்ணி போட்டுப் பாரு” என்றார். வண்டியைப் பார்க்காமலே.

அதை நிதானமாகவே செய்தேன். பழைய பிளக் ஒன்றின் பீங்கானை உடைத்தெடுத்து, லேத் பட்டறையில் ஒரு சின்னக் குழாயைப் பற்றவைத்து வாங்கிக்கொண்டேன். கார்புரேட்டரைக் கழற்றி அந்த வாயில் ரப்பர் கார்க். யெஸ்டிக்கு இரண்டு சைலன்சர் என்பதால் எக்ஸாஸ்ட் வாய் இரண்டையும் டியூப் துண்டு வைத்து இறுக்கி அடைக்க வேண்டும். பிஸ்டன் அடிமட்டத்தில் நிற்க வேண்டும். அப்போதுதான் டிரான்ஸ்ஃபர் போர்ட் திறந்து, மேலும் கீழும் ஒரே அறையாகும். பிளக் ஓட்டையில் மாட்டிய அந்தக் குழாய் வழியாகக் காற்றடிக்க, அம்மாவுக்கு பி.பி. பார்க்கும் பழைய கருவியின் பல்பும் மீட்டரும். அதன் அளவு 300 (மி.மீ. பாதரசம்) வரை போகும். அது கிட்டத்தட்ட 5.8 பி.எஸ்.ஐ. இந்தச் சோதனைக்கு அதுவே தாராளம். கம்ப்ரஸரை மட்டும் கொண்டு போய் வைத்துவிடாதீர்கள், நல்ல சீலும் பிதுங்கி வெளியே வந்துவிடும்.

250 வரை ஏற்றினேன். நல்ல இன்ஜினில் முள் சில நிமிஷம் பெரிதாக இறங்காமல் நிற்க வேண்டும். இங்கே கண்ணெதிரே சரசரவென்று பூஜ்யத்துக்கு வந்தது. இடதுபக்கம் ஆயில் ஊற்றும் ஓட்டையில் காது வைத்தேன், சத்தமில்லை. அந்தப் பக்கத்துச் சீல் போயிருந்தால் இன்ஜின் கியர் ஆயிலை உறிஞ்சிப் புகை கக்கும். அடுத்து வலதுபக்கம். டைனமோவைக் கழற்றி, கிராங்க் வெளியே வரும் இடத்தில் பிரஷ்ஷால் சோப்புத் தண்ணீர் தடவினேன். ஷாஃப்டைச் சுற்றி நுரை பொங்கிக்கொண்டு வந்தது.

சீல் புதுசு, உதட்டில் கீறல்கூட இல்லை. ஆனால் ஷாஃப்டில் விரலை ஓட்டினால் ஒரு இடத்தில் நகம் மாட்டியது. பழைய சீலின் உதடு ஒரே இடத்தில் உரசி உரசி எஃகையே தேய்த்திருந்தது. புதுச் சீலும் சரியாக அந்தப் பள்ளத்தின்மேல் உட்கார்ந்தால் எங்கே பிடிக்கும்? அண்ணன் சொன்னபடி இன்னொரு சீல் வாங்கி, அதை முழுக்க உள்ளே தள்ளாமல் ஒரு மில்லிமீட்டர் போல வெளியே நிறுத்தினேன். உதடு தேயாத இடத்தில் விழுந்தது. மறுபடி 250 ஏற்றினேன், முள் அப்படியே நின்றது. அதைப் பார்த்ததில் இருந்த நிம்மதி, வண்டி கிளம்பியபோதுகூட இல்லை.

அப்புறம் கிளம்புவதற்கு ஒன்றும் பாடுபடவில்லை. யெஸ்டியில் கியர் லீவரும் கிக்கரும் ஒன்றுதான்; அதை உள்ளே அழுத்தி மேலே திருப்பி கிக்கராக்கி உதைத்ததும் பிடித்துக்கொண்டது. மாமா வீட்டுக்குள்ளிருந்து செருப்புப் போடாமல் ஓடி வந்தார். இப்போது லிட்டருக்கு 40 மில்லி ஆயில் கலந்து, ரன்னிங் இன், அதாவது புதுப் பாகங்கள் ஒன்றோடொன்று பழகும் காலம், முடியும்வரை மெதுவாகத்தான் ஓட்டுகிறோம். பிளக் காபிப் பொடி நிறத்தில் வருகிறது. ஐட்லிங் மட்டும் இன்னும் கொஞ்சம் ஏற்ற இறக்கமாக இருக்கிறது. அதற்குக் கார்புரேட்டரில் காற்றின் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஏர் ஸ்க்ரூவைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.