டென்மார்க்கின் பின்னல் இதயம்: கைமாற்றிக்கொள்ள ஒரு சின்னப் பொருள்

பிப்ரவரி 22, சாரணியரின் உலகச் சிந்தனை தினம். அன்று கைமாற்றிக்கொள்ளும் சின்னப் பொருளுக்கு டென்மார்க்கை எடுத்துக்கொள்ளும் குழுக்கள் பல, பழங்கால ஸ்காண்டிநேவியக் கடலோடிகளான வைகிங்குகளின் பெயரில் வழங்கும் கொம்பு வைத்த தொப்பியைத்தான் முதலில் யோசிக்கின்றன. அது வேண்டாம். வைகிங்குகள் அப்படி அணிந்ததற்கு ஆதாரமே இல்லை. டென்மார்க்கில் வெக்ஸோ என்ற இடத்தில் கிடைத்த கொம்பு வைத்த தலைக்கவசங்கள் வெண்கலக் காலத்தவை, வைகிங்குகளுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் முந்தியவை.

காகிதத்தில் பின்னும் கிறிஸ்துமஸ் இதயம்தான் சரியான தேர்வு. டென்மார்க்கில் வீட்டுக்கு வீடு குழந்தைகள் செய்வது. நமக்குத் தெரிந்தவற்றில் மிகப் பழையது, எழுத்தாளர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் 1860-இல் செய்தது.

சட்டையில் குத்திக்கொள்ள 5 செ.மீ. அகலம் போதும். சிவப்பில் ஒன்று, வெள்ளையில் ஒன்று என 3 செ.மீ. × 9.5 செ.மீ. காகிதத் துண்டுகள் வேண்டும். சாதாரண அச்சுக் காகிதத்தின் கனம் போதும். கெட்டி அட்டை என்றால் மடிப்பில் வெடித்துவிடும். நீளம் பாதியாகும்படி மடித்து, திறந்த முனையை அரைவட்டமாக வெட்டுங்கள். மடிப்புப் பக்கத்திலிருந்து உள்நோக்கி, ஒன்றுக்கொன்று 1 செ.மீ. இடைவெளியில், 3.2 செ.மீ. நீளத்துக்கு இரண்டு வெட்டு. இரண்டு அடுக்காக மடிந்த மூன்று நாடாக்கள் கிடைக்கும். அந்தக் கூடுதல் 2 மி.மீ. மிக முக்கியம். வெட்டு சரியாக 3 செ.மீ. இருந்தால் கடைசி நாடா உள்ளே போகாமல் கிழியும்; 3.5 ஆனால் பின்னலில் ஓட்டை தெரியும்.

வளைந்த முனைகள் மேலே, மடிப்புகள் கீழே வருமாறு இரண்டையும் 'V' போலக் குறுக்காகப் பிடியுங்கள். மேலே இருக்கும் நாடாக்களிலிருந்து தொடங்க வேண்டும். சிவப்பின் முதல் நாடா வெள்ளையின் முதல் நாடாவுக்குள் நுழையும், இரண்டாவதைத் தனக்குள் வாங்கும், மூன்றாவதற்குள் மறுபடி நுழையும். அதை மேலே தள்ளிவிட்டு, இரண்டாவது சிவப்பு நாடாவை இதற்கு நேர் எதிராகப் பின்னுங்கள். மூன்றாவது, முதலாவதைப் போலவே. பாய் பின்னுவதுபோல மேலும் கீழுமாகக் கொண்டுபோனால் இதயம் பையாகத் திறக்காது. பெரும்பாலான குழந்தைகள் தடுமாறுவது இங்கேதான். சிறியவர்களுக்கு நடுவில் ஒரே வெட்டுப் போட்டு இரண்டு நாடாவாகக் கொடுங்கள், அளவு அதேதான்.

ஊக்கைக் காகிதத்தில் நேராகக் குத்தினால் சீக்கிரம் பிய்ந்துவிடும். மேல் பள்ளத்தின் உட்புறம் நூல் வளையம் ஒன்றை ஒட்டி, பசை நன்றாகக் காய்ந்தபின் அதில் ஊக்கை மாட்டுங்கள்.

கூடவே டேனிஷ் கொடியும் செய்யலாம். டென்மார்க்கில் பிறந்தநாள் மேசையிலும் கிறிஸ்துமஸ் மரத்திலும் அது இருக்கும். அதன் அளவு மில்லிமீட்டரிலேயே அழகாக அமையும்: உயரம் 28, நீளம் 34, வெள்ளைச் சிலுவையின் அகலம் 4. கம்பத்தை ஒட்டிய சிவப்புக் கட்டங்கள் 12 × 12, மறுபக்கம் 12 × 18. சிலுவையை நடுவில் வைத்துவிட்டால் அது டேனிஷ் கொடியே அல்ல. சிவப்புக் காகிதத்தில் வெள்ளைப் பட்டைகளை இருபக்கமும் ஒட்டுங்கள். பின்பக்கம் இடவலம் மாறி வரும். பல்குத்தும் குச்சியைக் கம்பமாக வைத்தால் இரு கூர்முனைகளையும் நறுக்கிவிடுங்கள்.

ஒவ்வொன்றிலும் 2.5 × 4 செ.மீ. சீட்டு ஒன்று கட்டுங்கள்: நாடு, பொருள், குழுவின் பெயர், ஆண்டு. குழந்தையின் முழுப்பெயரோ முகவரியோ வேண்டாம். கலந்துகொள்வோர் எண்ணிக்கையைவிடப் பத்தில் ஒரு பங்கு அதிகமாகச் செய்துவைத்தால், கையில் எதுவும் இல்லாமல் வரும் குழந்தைக்கும் கொடுக்க இருக்கும்.