அம்மாவின் பெயரில் ஒரு ழகரம்

அப்பா பணம் சேர்த்தது ஹாங்காங் போவதற்காக. அங்கேதான் எங்கள் சபையின், அதாவது மார்மன் சபை என்று பலர் சொல்லும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையின், ஆலயம் இருந்தது. கோவை கணபதியில் லேத் பட்டறையில் முப்பது வருடம் நின்றே உழைத்தவர். சம்பளம் வந்ததும் தசமபாகத்தை எடுத்து வைத்த கையோடு, இன்னோர் உறையில் இருநூறோ ஐநூறோ போடுவார். உறையின் மேல் "ஆலயம்" என்று எழுதியிருக்கும். அவரும் அம்மாவும் முத்திரிக்கப்பட வேண்டும், ஒரே மகளான நான் அவர்களோடு முத்திரிக்கப்பட வேண்டும். சாவுக்குப் பிறகும் ஒரே குடும்பமாக இருக்கும்படி ஆலயத்தில் இணைத்துவைக்கும் சடங்கைத்தான் முத்திரிப்பு என்போம். அவருடைய ஆசை அவ்வளவுதான்.

உறை நிறைந்த சமயம் பார்த்து, 2019 ஜூலையில், ஹாங்காங் ஆலயத்தைப் புதுப்பிப்பதற்காக மூடினார்கள். பிறகு கொரோனா வந்தது. 2021 மே மாதம் அப்பா போய்விட்டார். அடுத்த வருடம் ஜூனில் அந்த ஆலயம் மறுபடி திறந்தபோது அம்மா படுத்த படுக்கையாக இருந்தார். ஆவணி பிறந்ததும் அவரும் போனார். போவதற்கு இரண்டு நாள் முன்பு என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கள் இரண்டு பேரையும் நீ கூட்டிக்கொண்டு போ. என் பெயரை மட்டும் தப்பாகச் சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்" என்றார். இறந்தவர்களுக்காக, அவர்கள் பெயரைச் சொல்லி, உயிரோடு இருப்பவர்கள் ஆலயத்தில் இந்தச் சடங்குகளைச் செய்யலாம். அம்மாவின் பெயரில் ஒரு ழகரம் உண்டு. ரேஷன் கார்டிலிருந்து ஆஸ்பத்திரி சீட்டு வரை எல்லா இடத்திலும் அதைக் கொலை செய்திருந்தார்கள். வாழ்நாள் முழுவதும் அவருக்கு அது ஒரு குறை.

2018 ஏப்ரலில் சபையின் மாநாட்டில், அப்போதைய சபைத் தலைவர் நெல்சன் பெங்களூருவில் ஆலயம் வரும் என்று அறிவித்தபோது, அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். நாங்கள் புறப்பட்டபோதும் அந்தக் கட்டட வேலை முடிந்திருக்கவில்லை. அது முடியும்வரை காத்திருக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. 2023 அக்டோபர் 22 அன்று பாங்காக் ஆலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது என்று கேட்ட நாளிலிருந்தே என் கால் அந்தப் பக்கம்தான் இழுத்தது. 2024 ஆகஸ்டில் நானும் என் கணவரும் புறப்பட்டோம். அப்பாவின் உறையில் இருந்த பணத்தைத்தான் முதலில் செலவு செய்தோம்.

சேரன் எக்ஸ்பிரஸில் சென்னை, அங்கிருந்து விமானம். பயணத்துக்கு ஏற்பாடு செய்த ஆள் "ஆலயத்துக்கு நடக்கும் தூரம்" என்று சொல்லிப் பணம் வாங்கிய அறை, நகரத்தின் வேறு மூலையில் இருந்தது. நெரிசலில் தினமும் ஒரு மணி நேரம் வீணானது. அதையும் பொறுத்துக்கொண்டேன். முதல் நாள் காலை நடந்ததைத்தான் இன்னும் மறக்க முடியவில்லை. தெருமுனையில் ஒரு ஆட்டோக்காரர் எங்கள் கையிலிருந்த முகவரியைப் பார்த்துவிட்டு, "இன்று அங்கே மூடியிருக்கிறது" என்றார். வேறு கோயில் காட்டுகிறேன், அப்படியே ஒரு நகைக்கடையும் பார்க்கலாம் என்றார். அந்த ஊரில் வெளியூர்க்காரர்களிடம் இப்படிச் சொல்லிக் கடைக்கு இழுத்துப்போவது வழக்கமாம். எனக்கு அது எப்படித் தெரியும்? மூடியிருக்கிறது என்ற ஒரு சொல் போதும், 2019 அப்படியே திரும்பி வந்துவிட்டது. நடைபாதையிலேயே உட்கார்ந்து அழுதேன். என் கணவர்தான் ஆள் பொய் சொல்கிறான் என்று புரிந்துகொண்டு, வேறு வண்டி பிடித்தார்.

புது பெட்சபுரி சாலையில் வண்டி திரும்பியதும் வெள்ளைக் கோபுரம் தெரிந்தது. கதவு திறந்திருந்தது. பரலோக பிதாவுக்கு ஸ்தோத்திரம்.

உள்ளே நுழைந்ததும் மேஜைக்குப் பின்னால் வெள்ளை உடையில் ஒரு தாத்தா நின்றிருந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். ஆலயத்துக்குள் போகச் சபை தரும் அனுமதிச் சீட்டான என் ஆலயப் பரிந்துரையை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தார். பிறகு அழுது வீங்கிய என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. மெல்ல நடந்துபோய்த் தம் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த அம்மா என் தோளைப் பிடித்து உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்தார். அந்த நிமிடத்திலிருந்து ஐந்து நாளும் அவர்கள் இருவரும் எங்களைத் தங்கள் பிள்ளைகளைப் போலவே பார்த்துக்கொண்டார்கள்.

அவர்கள் ஐடாஹோக்காரர்கள். உருளைக்கிழங்கு விவசாயம். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, அந்தப் பணத்தில் பதினெட்டு மாத ஊழியத்துக்கு வந்திருக்கிறார்கள். சபை அவர்களுக்குச் சம்பளம் தருவதில்லை. வாடகையும் சாப்பாடும் அவர்கள் கைக்காசு. காலை நாலரைக்கு எழுந்துவிடுவார்களாம். தாத்தாவுக்கு முழங்கால் வலி. அதனால் வெயில் ஏறுவதற்கு முன்பே, ஒரு கையில் குடையும் இன்னொரு கையில் மனைவியின் கையுமாக ஆலயத்துக்கு நடந்து வந்துவிடுவார்கள். ஊழியர்களின் ஜெபக்கூட்டம் முடிந்ததும் அவர் வாசல் மேஜைக்கு, அவர் மனைவி உடைகள் இருக்கும் இடத்துக்கு. அந்த அம்மாவின் நாள் பெரும்பாலும் துவைக்கும் அறையில்தான் கழிகிறது. ஞானஸ்நானத் தொட்டியிலிருந்து வரும் ஈரத் துண்டுகள், வெள்ளைச் சட்டைகள், காலுறைகள் எல்லாம் மலைபோல் குவிந்திருக்கும். ஒவ்வொரு காலுறையையும் ஜோடி பார்த்து மடிப்பார். தையல் விட்ட இடத்தை உடனே ஊசி எடுத்துத் தைப்பார். திங்கட்கிழமை ஆலயம் மூடியிருக்கும் நாளில்தான் சொந்தத் துணியைத் துவைக்கவும் சந்தைக்குப் போகவும் நேரம். ஞாயிற்றுக்கிழமை தாய் மொழி ஆராதனையில், அர்த்தம் தெரியாவிட்டாலும் ஓசையைப் பிடித்துக்கொண்டு பாடுகிறார்களாம். இரவு எட்டு மணிக்குப் பேரப்பிள்ளைகளோடு பேசுவார்கள். அங்கே அப்போது காலை ஏழு மணி. போன மாதம் ஒரு பேத்தியின் கல்யாணத்தைக்கூடக் கைப்பேசியில்தான் பார்த்தார்களாம். அதைச் சொல்லும்போது மட்டும் அந்த அம்மா கையிலிருந்த துண்டை இரண்டு முறை மடித்தார்.

எனக்கு வெள்ளை உடையை எடுத்துக் கொடுத்தவரும் அவர்தான். கையில் வாங்கியதும் அம்மா நினைவு வந்தது. அன்னூர்ப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர் அம்மா. ஆலயத்தில் வெள்ளை உடுத்த வேண்டும் என்று கேள்விப்பட்டபோது, "அவர் கல்லுக்குண்டு மாதிரி இருக்கும்போது நான் எதற்கு வெள்ளை உடுத்த வேண்டும்?" என்று முகம் வாடியவர். எல்லோருமே வெள்ளைதான், அப்பாவும் வெள்ளைதான் என்று சொன்ன பிறகே தேறினார். இதை என் கணவர் ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னார். சிஸ்டர் (அந்த அம்மாவை நாங்கள் அப்படித்தான் அழைத்தோம்) என் உடையின் கைமடிப்பை நீவிக்கொண்டே, "உன் அம்மாவின் பெயர் என்ன?" என்று கேட்டார்.

சொன்னேன். திருப்பிச் சொன்னார். ழகரம் லகரமாகிவிட்டது. நாக்கை மடித்து மேலே கொண்டுபோக வேண்டும், அண்ணத்தில் படக் கூடாது என்று காட்டினேன். இரண்டு நாள் துண்டு மடிக்கும்போதெல்லாம் வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள், அவர்கள் ஊரில் ரகரத்தை நாக்கு அண்ணத்தில் படாமல் சொல்வார்களே, அதில் நாக்கைக் கொஞ்சம் பின்னால் தள்ளிச் சொன்னார். அப்படியே ழகரம்! நம் வீட்டுப் பிள்ளைகளே தடுமாறும் எழுத்து. சுத்தமாக வந்து விழுந்ததும் என் உடம்பு சிலிர்த்துவிட்டது.

அதற்குள் ஆலயத்தில் உடன்படிக்கை செய்யும் சடங்கான எங்கள் தரிப்பித்தலும், எங்கள் முத்திரிப்பும் முடிந்திருந்தன. அம்மாவுக்காக நானும் அப்பாவுக்காக என் கணவரும் செய்ய வேண்டியதைச் செய்து முடித்தோம். சனிக்கிழமைக்கு வைத்திருந்தது அப்பா அம்மாவின் முத்திரிப்பை. அன்று கூட்டமென்றால் அப்படி ஒரு கூட்டம். பல ஊர்களிலிருந்து குழுக்கள் வந்திருந்தன. வெளியே படம் எடுப்பவர்கள் வாசலை விட்டு நகரவே இல்லை. ஆலயத்துக்கு வந்த இடத்தில் கொஞ்சம் வழி விட்டால் என்ன? உள்ளே இரண்டரை மணி நேரம் காத்திருந்தோம். மாலை விமானத்தை விட்டுவிடுவோமோ என்று என் கணவர் தவித்தார். எனக்குக் கடிகாரம் பார்க்கத் தோன்றவில்லை.

கடைசியில் கூப்பிட்டார்கள். அப்பாவின் இடத்திலும் அம்மாவின் இடத்திலும் யாராவது முழந்தாளிட வேண்டும். கதவைத் திறந்தால் அங்கே அந்த ஐடாஹோ தாத்தாவும் அந்த அம்மாவும் நின்றிருந்தார்கள். வேலை முறை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் எங்களுக்காகக் காத்திருந்திருக்கிறார்கள்.

முழங்கால் வலியோடு அவர் பலிபீடத்தின் அருகே மண்டியிட்டபோது, ஒரு கையைத் தரையில் ஊன்றித்தான் இறங்கினார். முத்திரிப்பை நடத்திய சகோதரர் முதலில் அப்பாவின் பெயரைச் சொன்னார். பிறகு அம்மாவின் பெயர். ழகரம் பிசகவில்லை. சிஸ்டர் அவருக்கு முன்கூட்டியே சொல்லிக்கொடுத்திருக்கிறார்! என்னால் நிமிர முடியவில்லை. அப்பாவும் அம்மாவும் ஒன்றான பிறகு, மகளாக நானும் போய் மண்டியிட்டு, அவர்கள் கையோடு என் கையை வைத்தேன். தாத்தாவின் உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு. விரல் வேரில் வரிசையாக நாலு மேடு. லேத் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து அப்பாவுக்கும் அதே இடத்தில்தான் காய்த்திருக்கும். சின்ன வயதில் பஸ்ஸில் போகும்போதெல்லாம் அந்த மேடுகளை எண்ணிக்கொண்டே தூங்கியிருக்கிறேன். அந்த அறையில் எதிரெதிராக இருந்த கண்ணாடிகளில் எங்கள் உருவங்கள் முடிவில்லாமல் போய்க்கொண்டிருந்தன. அப்பா அந்த அறையில் இருந்தார். அம்மா இருந்தார். இதற்கு மேல் எழுதக் கூடாது, எழுதவும் முடியாது.

ஆண்டவரே, எத்தனை வருடக் கடன்! அந்த இருவரையும் எத்தனை கடல் தாண்டிக் கொண்டுவந்து எங்கள் அப்பா அம்மாவின் இடத்தில் வைத்தீர்! அவர்களுடைய பேரப்பிள்ளைகளைக் காத்தருளும். தாத்தாவின் முழங்காலுக்குப் பெலன் தாரும்.

புறப்படும்போது நான் உடுத்திய வெள்ளை உடையைத் திருப்பிக் கொடுக்கத் துவைக்கும் அறைக்குப் போனேன். சிஸ்டர் ஏற்கெனவே அங்கே வந்து, அடுத்த குவியலைப் பிரித்துக்கொண்டிருந்தார். உடையை வாங்கிக்கொண்டு என்னைக் கட்டிப்பிடித்தார். பிறகு, சொல்வதற்கு எங்களுக்குள் வேறு பொது மொழி இல்லாததால், அம்மாவின் பெயரை ஒருமுறை சொன்னார். நானும் சொன்னேன்.