பீன்யாவில் ஷிஃப்ட், ராத்திரியில் ஐஐடி கிளாஸ்

பெங்களூரு பீன்யா இரண்டாம் ஸ்டேஜில் ஒரு சிஎன்சி ஷெட்டில் (கணினி இயக்கும் மெஷின்களில் உலோகம் வெட்டும் இடம்) மூன்று வருடம் வேலை பார்த்தேன். தர்மபுரிப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் மெக்கானிக்கல் முடித்ததும் ஊர்க்காரர் ஒருவர் பிடித்துக்கொடுத்த வேலை. தங்கியது தாசரஹள்ளியில், நான்கு பேருக்கு ஒரே ரூம். இன்ஜினியரிங் மேற்படிப்புக்கான கேட் தேர்வு எழுத ஆசை இருந்தது, கோச்சிங் சேரக் காசு இல்லை. இணையத்தில் இலவசமாகக் கிடைத்ததை வைத்தே படித்தேன். முதல் தடவை 19 மார்க். இரண்டாம் தடவை 41, தகுதி கிடைத்தது. இரண்டு தடவையும் பார்த்தது பெரும்பாலும் அதே வீடியோக்கள்தான்.

முதல் வருடம் நான் படித்ததைவிடச் சேர்த்துவைத்ததுதான் அதிகம். என்பிடெல் என்ற பெயரை இன்ஜினியரிங் படித்த எல்லோருக்கும் தெரியும். ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து 2003-ல் தொடங்கிய இலவச வீடியோ வகுப்புத் திட்டம். ஒரே பாடத்துக்கு மெட்ராஸ் ஆசிரியர் ஒருவர், கான்பூர் ஆசிரியர் ஒருவர், கரக்பூர் ஆசிரியர் ஒருவர் என்று வரிசையாகக் கிடைப்பார்கள். தெர்மோடைனமிக்ஸுக்கு மட்டும் நான்கு தொடர்களைப் போட்டுவைத்திருந்தேன். பந்தியில் இலை கொள்ளாமல் வாங்கிக்கொண்டு, ரசம் வரும்முன் கை கழுவியவன் கதைதான். நான்கிலும் முதல் ஐந்து வகுப்பைப் பார்த்தேன், ஒன்றிலும் பின்னால் வரும் என்ட்ரோபியைத் தொடவில்லை.

பார்த்த விதமும் சரியில்லை. இரண்டாம் ஷிஃப்ட் முடிந்து பத்தரைக்கு ரூமுக்கு வந்து, சாப்பிட்டு, பாயில் மல்லாந்து, காதில் ஹெட்செட், ஒன்றரை மடங்கு வேகம். ரூமில் இருந்த சேலத்து அண்ணன் ஒருநாள் கேட்டார்: "ஏன்டா, பாடம் படிக்கிறியா, சீரியல் பாக்குறியா?" அன்றைக்குக் கோபம் வந்தது.

அவர் கேட்டது சரிதான் என்று புரிந்தது ஷெட்டில். மெஷின் ஓடிக்கொண்டிருந்தபோது, முந்தின ராத்திரி பார்த்த பீம் கணக்கை ஜாப் கார்டின் பின்பக்கம் போட்டுப் பார்த்தேன். சாதாரணக் கணக்கு. 6 மீட்டர் பீம், இரண்டு முனையிலும் தாங்கல், இடது முனையிலிருந்து 2 மீட்டரில் 12 கிலோநியூட்டன் சுமை. பேராசிரியர் போட்டபோது 'இது தெரியாதா' என்று தாண்டி ஓடவிட்டது. இடது தாங்கலில் 4, வலதில் 8 என்று எழுதினேன். சுமை இருக்கும் புள்ளியில் பெண்டிங் மொமென்ட்டை (பீமை வளைக்கும் அளவு, விசையைத் தூரத்தால் பெருக்கினால் வருவது) இடப்பக்கமிருந்து போட்டால் 8 வருகிறது, வலப்பக்கமிருந்து போட்டால் 32 வருகிறது. ஒரே புள்ளிக்கு இரண்டு விடை! கால் மணி நேரம் முழித்தபிறகுதான் புரிந்தது: சுமை எந்தத் தாங்கலுக்குக் கிட்ட இருக்கிறதோ அதுதான் அதிகம் சுமக்கும். இடது 8, வலது 4, மொமென்ட் இரண்டு பக்கமும் 16. விறகுக்கட்டை இரண்டு பேர் தூக்கினால் கனமான பக்கம் நிற்கிறவனுக்குத்தானே தோள் வலிக்கும்! தெரியாத விஷயமே இல்லை. இன்னொருவர் போடுவதைப் பார்த்துத் தலையாட்டும்போது நமக்கும் தெரியும் என்று மனசு சொல்லிவிடுகிறது, அவ்வளவுதான்.

அந்த கூலன்ட் கறை படிந்த கார்டை வெகுநாள் வைத்திருந்தேன். அதற்குப்பிறகு முறையை மாற்றினேன். ஒரு பாடத்துக்கு ஒரே ஆசிரியர். ஆசிரியர் கணக்கை எழுதி முடித்ததும் வீடியோவை நிறுத்திவிடுவேன். படம் நானே வரைந்து, விடை வருகிறதோ இல்லையோ, தாளில் ஏதாவது வந்தபிறகுதான் ஓடவிடுவேன். வாரத்து அசைன்மென்ட்டை வீடியோவுக்கு முன்னாலேயே ஒருமுறை எடுத்துப் பார்ப்பேன். பத்துக் கேள்வியில் ஏழு புரியாது. அந்த ஏழும் மனசில் உறுத்திக்கொண்டிருக்கும்போது வகுப்பைக் கேட்டால் தூக்கம் வராது. மல்லாந்து பார்ப்பதை அடியோடு விட்டேன். எங்கள் ரூமில் மேசை கிடையாது, அரிசி டின் மேல் பலகை போட்டுக்கொண்டேன்.

இப்படிப் படித்தால் நேரம் இரண்டு மடங்குக்கு மேல் ஆகும், இதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். 12 வாரப் பாடம் என்றால் வீடியோ மட்டும் சுமார் 30 மணி நேரம். எனக்கு ஒரு பாடம் முடிய எழுபது மணிக்குக் குறையவில்லை. வேலைக்குப் போகிறவர் எல்லாப் பாடத்தையும் இப்படி முடிக்க முடியாது, முயலவும் வேண்டாம். கல்லூரியில் புரியாமலே பாஸ் பண்ணிய இரண்டு மூன்று பாடத்துக்கு மட்டும் முழுத் தொடர் போதும். எனக்கு அவை ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸும் ஹீட் டிரான்ஸ்ஃபரும். மற்றதற்குப் பழைய கேள்வித்தாளைப் போட்டுப் பார்த்து, இடறுகிற தலைப்புக்கு மட்டும் வகுப்பைத் தேடினேன்.

கணக்குக்கு நான் போனது எம்ஐடி. குரோம்பேட்டை இல்லை, அமெரிக்காவில் மாசசூசெட்ஸ். அவர்கள் தங்கள் பாடங்களை இலவசமாகத் திறந்துவைக்கப்போவதாக 2001-ல் அறிவித்தார்கள். அதில் கில்பர்ட் ஸ்ட்ராங் நடத்திய லீனியர் அல்ஜீப்ரா வகுப்புகள் 1999-ல் பதிவானவை. கரும்பலகை, சாக்பீஸ், வேறொன்றும் கிடையாது. முதல் வகுப்பே இரண்டு சமன்பாட்டில் தொடங்கும்: 2x − y = 0, −x + 2y = 3. இதை நாம் பத்தாம் வகுப்பிலேயே தீர்த்திருப்போம், விடை 1, 2. அவர் அதையே முதலில் இரண்டு கோடு வெட்டும் இடமாகக் காட்டுவார், பிறகு இரண்டு வெக்டரை எந்த அளவில் கலந்தால் மூன்றாவது வெக்டர் கிடைக்கும் என்று காட்டுவார். மேட்ரிக்ஸ் என்றால் பெருக்கல் வாய்பாடு மாதிரி ஒன்று என்று நான்கு வருடம் நினைத்திருந்தவனுக்கு அந்த இரண்டாவது படம் பெரிய அதிர்ச்சி. கேட் மெக்கானிக்கலில் கணக்குக்கு 13 மார்க் உண்டு. அதில் ஒரு துண்டுதான் லீனியர் அல்ஜீப்ரா. மார்க் கணக்குப் பார்த்தால் அத்தனை வகுப்பும் வீண்தான். ஆனாலும் பார்த்ததற்கு வருத்தமில்லை.

ஆங்கிலம் பற்றிப் பலர் கேட்கிறார்கள். நான் பன்னிரண்டாவது வரை தமிழ் வழி. தொடக்கத்தில் வேகத்தை 0.75-க்குக் குறைத்து, வீடியோவின் கீழே வரும் சப்டைட்டில் எழுத்துகளை ஓடவிட்டுப் படித்தேன். தானாக ஓடும் எழுத்து தப்பும் தவறுமாக வரும், அதை நம்பிக் குறிப்பு எடுக்காதீர்கள். என்பிடெல்லில் சில பாடங்களுக்குத் தமிழிலேயே உரை கிடைக்கும், உங்கள் பாடத்துக்கு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மென்பொருள் பழக வேண்டும் என்றால் ஐஐடி பாம்பேயின் ஸ்போக்கன் டுடோரியல் தமிழ்க் குரலிலேயே வருகிறது. டேட்டா மிச்சம் பிடிக்க வீடியோத் தரத்தை 144-ல் வைத்துப் பார்த்தால் கரும்பலகையில் அடிக்குறி எண் தெரியாது, 360-க்குக் கீழே இறங்காதீர்கள்.

என்பிடெல் சான்றிதழ் தேர்வு எழுதலாமா? வீடியோவும் அசைன்மென்ட்டும் இலவசம், தேர்வுக்குத்தான் கட்டணம். நான் எழுதியபோது 1000 ரூபாய். அசைன்மென்ட்டுக்கு 25, நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75. பாஸ் ஆக 25-ல் 10, 75-ல் 30 வேண்டும். எனக்கு 63 வந்தது, 'எலைட்' என்று அச்சடித்துக் கொடுத்தார்கள். அதைப் பார்த்து ஷெட்டில் யாரும் சம்பளம் உயர்த்தவில்லை. கட்டின 1000 ரூபாய்க்காகவே வாரா வாரம் அசைன்மென்ட்டை நேரத்துக்குள் போட்டேன், எனக்குக் கிடைத்த லாபம் அதுதான். தேர்வன்று ஆதாரை ரூமிலேயே விட்டுவிட்டு, போனில் இருந்த போட்டோவைக் காட்டினேன். வாசலில் ஒத்துக்கொள்ளவில்லை. அண்ணன் வண்டியில் கொண்டுவந்து கொடுத்தார், இருபது நிமிடம் போயிற்று. அசல் அட்டையை முந்தின இரவே ஹால் டிக்கெட்டோடு சேர்த்து வையுங்கள்.

இந்த வகுப்புகள் தராதது ஒன்று உண்டு: வேகம். மூன்று மணி நேரத்தில் 65 கேள்வி எப்படி முடிப்பது, திரையில் வரும் கால்குலேட்டரை மவுசால் தட்டுவது, தவறான விடைக்கு மார்க் குறைக்கும் கேள்வி எது, குறைக்காதது எது, இதெல்லாம் எந்தப் பேராசிரியரும் சொல்லித்தரமாட்டார். அதற்கு பழைய கேள்வித்தாள்தான் வழி. நான் கடைசி இரண்டு மாதம் வீடியோ பக்கமே போகவில்லை. ஞாயிறு காலை ஒன்பதரை முதல் பன்னிரண்டரை வரை போனை அண்ணனிடம் கொடுத்துவிட்டு உட்காருவேன். அவர் அந்த நேரம் பார்த்து பிரியாணி வாங்கப் போய்விடுவார், வாசனை வந்தால் மணி பன்னிரண்டரை என்று அர்த்தம்.

அவருடைய தம்பி இப்போது அதே ரூமில் இருக்கிறான், அதே பாடத்தில் மூன்றாவது வாரம். போன வாரம் போனபோது "எல்லாம் புரியுது அண்ணா" என்றான். ஒரு தாளை எடுத்து 6 மீட்டர் பீம் வரைந்து, 2 மீட்டரில் 12 போட்டு, அரிசி டின் பலகை மேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.