லாட்டரி வீடு

செல்லூரில் கைத்தறி நெய்துகொண்டிருந்த என் பெரியப்பாவுக்கு 1986-இல் அரசு லாட்டரியில் ஒரு லட்சம் ரூபாய் விழுந்தது. 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்ற முழக்கத்தோடு 1968-இல் அண்ணா ஆட்சியில் தொடங்கிய சீட்டு அது. பிடித்தம் போகக் கைக்கு வந்ததில் பெரியம்மாவின் நகைகள் அடகுக் கடையிலிருந்து மீண்டன. ஓட்டு வீடு மச்சு வீடானது. பரிசுப் பணம் எவருக்கும் தங்காது என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்த மச்சு வீட்டில்தான் நான் இன்று குடியிருக்கிறேன்.

அவரை அலைக்கழித்தது மொய்தான். வாங்கிய மொய்யைக் கொஞ்சம் கூட்டித் திருப்பி எழுதுவது எங்கள் பக்கத்து வழக்கம். அதுவரை எல்லோரையும் போல 11 ரூபாய் எழுதிவந்தவர் அதையே தொடர்ந்தபோது, "லட்சம் விழுந்தவர் எழுதுகிற மொய்யா இது?" என்று பந்தியிலேயே பேசினார்கள். சரியென்று 501 எழுதத் தொடங்கினார். பாவு சுற்றிப் பிழைக்கும் உறவுக்காரர் அடுத்த விசேஷத்தில் அந்த 501-க்கு எங்கே போவார்? பெரியப்பாவை அழைத்தால் நமக்குத்தான் பாரம் என்று பலர் பத்திரிகை வைப்பதையே நிறுத்திக்கொண்டார்கள்.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பரிசு பெற்ற 22 பேரிடம் உளவியலாளர் பிரிக்மன் குழுவினர் நடத்தி 1978-இல் வெளியிட்ட ஆய்வு, அவர்கள் மற்றவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவுக்கு மகிழ்ச்சியாக இல்லை என்றது. 2020-இல் வெளியான சுவீடன் ஆய்வோ வாழ்க்கை நிறைவு பல்லாண்டுகள் நீடித்ததாகக் கண்டது. எங்கள் வீட்டைப் பொறுத்தவரை இரண்டும் மெய். 2022-இல் கேரள ஓணம் பம்பரில் 25 கோடி ரூபாய் விழுந்த திருவனந்தபுரத்து ஆட்டோ ஓட்டுநர், உதவி கேட்டு வருவோரால் வீட்டில் இருக்க முடியவில்லை என்று சில நாட்களிலேயே புலம்பியபோது, பெரியப்பா வீட்டுத் திண்ணைதான் என் நினைவுக்கு வந்தது.

1998-இல் அவருடைய இளைய மகள் திருமணத்தில் மொய் எழுத உட்கார்ந்தவன் நான். முன்பு 501 வாங்கியிருந்த ஒருவர் ஐம்பத்தொரு ரூபாயை நான்காக மடித்து என் நோட்டுக்கு அடியில் செருகி, "தொகையைச் சத்தமாகச் சொல்லாதே, தம்பி" என்றார். பெரியப்பா அதைக் கவனித்தும் கவனியாதவர் போலச் சந்தனக் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினார்.

2003 ஜனவரியில் தமிழ்நாட்டில் லாட்டரிக்குத் தடை வந்தது. பெரியப்பாவும் இப்போது இல்லை. சென்ற மாதம் என் பெயருக்கு வந்த கல்யாணப் பத்திரிகையின் உறையில், கதவு எண்ணுக்குப் பதிலாக 'லாட்டரி வீடு' என்றுதான் எழுதியிருந்தார்கள்.