எட்டாவது குலை

"வீட்டுல ஏதும் சண்டையா தம்பி?"

குலை வெட்டுகிற மாமா இவ்வளவுதான் கேட்டார். அவர் நம்பர் எழுதியிருந்த ஏழு செம்பனை (எண்ணெய்ப்பனை) குலைகளைக் காய் என்று தள்ளிவைத்துவிட்டு, எட்டாவதைக் காலால் புரட்டிக்கொண்டிருந்தேன். "வேலையைப் பாருங்க மாமா" என்றேன். எட்டாவதும் காயாகிவிட்டது.

சண்டை வீட்டில் இல்லை, காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் பெரட்டில். பழுக்காத கறுப்புக் குலை வருகிறது என்று ஆலையிலிருந்து புகார் வந்ததாம். மேனேஜர் எல்லார் முன்னாலும் என்னைக் காய்ச்சி எடுத்திருந்தார். அதனால் கண்டிப்பாக இருந்தேன். தோட்டத்து வேலையை மேற்பார்க்கிற வெளிக்காட்டுக் கிராணிக்கு அதுதானே வேலை? பழம் உதிர்ந்த புதுக் குழி 10 இருந்தால் பழுத்த குலை, 9 வரை அரைப்பழம், ஒன்றுமே இல்லை என்றால்தான் காய். நிறத்தை மட்டும் நம்பாதே, குழியை எண்ணு என்று புது ஆள்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

அன்றைக்கு எண்ணினேனா? மனம் தெளிவாக இருக்கிற நாளில் யோசித்தால், குனிந்து விரல் வைத்து எண்ணியது அப்படியே நினைவுக்கு வருகிறது. சோர்ந்து கிடக்கிற நாளில் அந்தக் கால் மட்டும்தான் வருகிறது.

அந்தத் தோட்டம் இருந்த மலேசியாவின் சுங்கை சிப்புட்டை விட்டு வந்த பிறகு எதையோ தேடப் போய் ஓர் ஆய்வைப் படித்தேன். 1983இல் ஷ்வார்ஸ், க்ளோர் என்ற இருவர் அமெரிக்காவில் பலருக்குப் போன் போட்டு, வாழ்க்கை திருப்தியா என்று கேட்டார்கள். மழை நாளில் பதில் மங்கலாக வந்தது. ஆனால் முதலில் "அங்கே வானிலை எப்படி?" என்று கேட்டுவிட்டால் அந்த வித்தியாசம் போய்விட்டது. மழையின் பழி மழையோடு நின்றுவிட்டது. பிற்பாடு பெரிய கூட்டத்தை வைத்துப் பார்த்தவர்களுக்கு இது சரியாக அமையவில்லை என்பதையும் படித்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

ஏனென்றால் மாமா கேட்டதும் வானிலைதான். என் கோபம் வேறு எங்கேயோ இருந்து வருகிறது என்று எடுத்துக் கொடுத்தார். அந்த இடத்தில் நான் தணிந்திருக்க வேண்டும், எட்டாவதையும் தள்ளினேன். எட்டாவது உண்மையிலேயே காயாக இருந்திருந்தால்? அதுவும் நடக்கக்கூடியதுதான்.

கணக்கில் எட்டு என்றே எழுதினேன். மாமா கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார், ஒரு வார்த்தை பேசவில்லை. லாரி கிளம்பிய பிறகு பார்த்தேன், குலைகள் கிடந்த இடத்தில் நாலைந்து உதிரிப் பழங்கள். எந்தக் குவியலில் இருந்து உதிர்ந்தவையோ. பொறுக்கிச் சாக்கில் போட்டேன்.