நூற்று இருபது கட்டங்கள்

"இந்த மாதக் கட்டத்தை நீயே தீட்டு, கண்ணா" என்று மகனிடம் நீல நிறப் பென்சிலை நீட்டினாள், நியூயார்க்கில் வாடகைதாரர்களுக்காகக் கட்டணமின்றி வாதாடும் என் தோழி.

ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த தாளில் 120 கட்டங்கள். அவன் தீட்டியது 87ஆவது.

அமெரிக்காவில் 2007இல் வந்த சட்டப்படி, அரசுப் பணியிலோ இலாப நோக்கற்ற அமைப்பிலோ முழுநேரம் உழைத்தபடி, தகுதியான 120 மாதத் தவணைகளைச் செலுத்தியவர்களுக்கு, மீதமுள்ள மத்திய அரசுக் கல்விக்கடன் தள்ளுபடியாகிறது.

தனியார் கடனுக்கு இது பொருந்தாது.

சில சட்டக் கல்லூரிகள், பொதுநலப் பணிக்குச் சென்ற தம் பட்டதாரிகளின் தவணைக்கும் உதவுகின்றன. எல்லாக் கல்லூரிகளும் உதவ வேண்டும் என்பதே என் விருப்பம்.

பெரிய நிறுவனத்துக்குப் போயிருந்தால் அவள் கடனை எப்போதோ அடைத்திருப்பாள். நாளை காலை கைக்குழந்தையோடு வீட்டுவசதி நீதிமன்றத்துக்கு வரும் தாய்க்காக வாதாட அவள் இருந்திருக்க மாட்டாள்.