படிவம் 6ஏ: துபாயிலிருந்து வாக்காளர் பட்டியலுக்கு

ஒருவழியாக வாக்காளர் பட்டியலில் என் பெயர் ஏறிவிட்டது. ஆனால் முதல் விண்ணப்பத்தைத் தள்ளிய விதம் இன்னும் மனசில் ஆறவில்லை.

தேர்தல் ஆணையத் தளத்தில் படிவத்தை நிரப்பி அனுப்புவதில் பிரச்சினையே இல்லை. சிக்கல் ஊரில்தான் ஆரம்பிக்கிறது. சரிபார்க்க வந்த பி.எல்.ஓ. (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) "பையன் இங்க இருக்காராம்மா?" என்று கேட்டிருக்கிறார். "இல்லீங்க டீச்சர், துபாய்ல இருக்கான்" என்றிருக்கிறார் அம்மா. உடனே பி.எல்.ஓ. "குடியிருக்கவில்லை" என்று எழுதிவிட்டார், விண்ணப்பம் நிராகரிப்பு. ஊரில் இல்லாதவர்களுக்கென்றே உள்ள படிவம் இது! மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1950-இன் 20ஏ பிரிவு 2011 முதல் நடப்பில் இருக்கிறது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்காத இந்தியர், பாஸ்போர்ட்டில் உள்ள ஊர் முகவரியில் பெயர் சேர்க்கலாம். (ஓ.சி.ஐ. அட்டைக்காரர்களுக்கு, அதாவது வேறு நாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு, இந்த உரிமை கிடையாது.)

அலுவலகத்தில் விசாரித்தால் "பேசாம படிவம் 6 போடுங்க" என்பார்கள். போடாதீர்கள். அது ஊரில் குடியிருப்பவர்களுக்கானது. பொய்யான உறுதிமொழிக்கு 31-ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு.

மறுபடி விண்ணப்பிக்கும்போது, படிவம் 6ஏ-வின் நகலையும் விண்ணப்ப எண்ணையும் வீட்டில் கொடுத்து வைக்க வேண்டும். பி.எல்.ஓ. வந்ததும் அதைக் காட்டி, "வெளிநாட்டு வாக்காளர் விண்ணப்பம்" என்று சொல்லி, வீட்டார் உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டால் போதும். இந்த முறை அப்படித்தான் வேலை முடிந்தது. ஊரில் சொந்தக்காரர் யாரும் இல்லையென்றால் ஆவணங்கள் தூதரகத்துக்குச் சரிபார்ப்புக்குப் போகும்.

பாஸ்போர்ட்டின் முகவரிப் பக்கத்தை இப்போதே புரட்டிப் பாருங்கள். வெளிநாட்டில் புதுப்பிக்கும்போது பலர் அங்குள்ள முகவரியையே போட்டுவிடுகிறார்கள். அப்படியானால் எந்தத் தொகுதியில் சேர்ப்பது? புதுப்பிக்கும்போதே ஊர் முகவரியைக் கேட்டு வாங்குங்கள்.

அமீரகத்தில் 2022 முதல் பாஸ்போர்ட்டில் விசா ஸ்டிக்கர் ஒட்டுவதில்லை. படிவமோ விசா பக்கத்தைக் கேட்கும். வசிப்பிட அனுமதியை பிடிஎஃப்-ஆக எடுத்து, சுய சான்றொப்பமிட்டு ஏற்றுங்கள். எனக்கு அது ஏற்கப்பட்டது. பழைய வாக்காளர் அட்டை இருந்தால் ஒப்படைக்க வேண்டும். புதிய அட்டை தரமாட்டார்கள். வேட்புமனு தாக்கலின் கடைசி நாள் தாண்டினால் அந்தத் தேர்தலுக்குப் பெயர் சேராது, எனவே மாதங்கள் முன்பே தொடங்குங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் நேரில் போய்த்தான் ஓட்டுப் போட முடியும். தபால் வாக்கு இல்லை; பதிலாள் மூலம் வாக்களிக்க வழிசெய்யும் மசோதா 2019-இல் மக்களவை கலைந்ததோடு காலாவதியானது. 2024 மக்களவைத் தேர்தலில் பதிவு செய்திருந்த வெளிநாட்டு வாக்காளர்கள் 1,19,374 பேர். வாக்களித்தவர்கள் 2,958 பேர்தான், அதிலும் பெரும்பகுதி கேரளத்தவர். டிக்கெட் செலவை யோசித்தால் இதில் வியப்பில்லை, ஆற்றாமைதான் மிச்சம்.

போகிறவர்கள் அசல் பாஸ்போர்ட்டை எடுத்துப் போங்கள், நகல் செல்லாது. சாவடியில் "பேரு இல்லையே" என்றால் திரும்பிவிடாதீர்கள். வெளிநாட்டு வாக்காளர் பெயர்கள் பட்டியலின் கடைசிப் பிரிவில் தனியாக இருக்கும். அந்தப் பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.